ஒற்றை ஆளுக்கு நாற்பத்தைந்து

அந்தச் சலவைக்கூடத்தில் ஆளை வேலைக்கு எடுக்க மாட்டார்கள், ஜோடியைத்தான் எடுப்பார்கள். அக்கா தங்கை வரலாம், நாத்தனார்கள் வரலாம், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வரலாம்; ஆனால் இரண்டு பேராக வரவேண்டும். ஊரில் இருக்கிற இருபத்தாறு விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வந்து சேரும். இரண்டு பேர் படுக்கிற கட்டிலின் விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. சூடான இஸ்திரி உருளையிலிருந்து அது வெளியே வரும்போது ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, விலகி நின்று விறைப்பாக ஒரு இழுப்பு, நீளவாக்கில் இரண்டு மடிப்பு, பிறகு எதிரெதிரே நடந்துவந்து ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கையில் ஒப்படைப்பது. மணிக்குத் தொண்ணூறு. கீழே விழுந்தால் அந்த விரிப்பு திரும்பவும் தண்ணீருக்குப் போகும். சுவரில் இருக்கிற பலகையில் அந்த ஜோடிக்கு நேரே ஒரு கோடு விழும்.

ஜோடி உடைந்தவர்களை ஈரப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஊறிக் கனத்த துணியை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து உருவி எடுத்துத் தள்ளுவண்டியில் போடுகிற வேலை. அங்கே போனால் ஆறு மாதத்தில் இடுப்பு போய்விடும். அதற்கடுத்த மாதம் ஆளும் போய்விடுவார்.

நம்முடைய அம்மாவும் மகளும் ஆறு வருடமாக அங்கே ஜோடி. அப்பா இறந்த இருபதாம் நாள் இருவரும் சேர்ந்து வந்து வாசலில் நின்றார்கள். மகளுக்கு அப்போது பதினெட்டு. சலவைக்கூடத்தில் அவளுக்கு டூரிஸ்ட் என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அவள் போன அதிகபட்ச தூரம், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெரியம்மா வீடு. அதுவும் போகும்போது ஒரு முறை, வரும்போது இரண்டு முறை வாந்தி. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஊர்வம்பு பேசும்போது அவள் பேருந்து நேர அட்டவணை படித்துக்கொண்டிருப்பாள். வம்புக்குத் தலைவியான ரேடியோதான் அந்தப் பெயரை வைத்தது. ரேடியோவுக்கு ரேடியோ என்று யார் பெயர் வைத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை; அவளை ஐந்து நிமிடம் கேட்டவர் எவரும் வைத்திருக்கலாம்.

காசு உள்ளவன் ஊர் சுற்ற ஒரே வழிதான் இருக்கிறது, காசில்லாதவன் சுற்ற நூறு வழி என்று டூரிஸ்ட் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சில விடுதிகளில் நாளைக்கு நாலு மணி நேரம் வேலை செய்தால் படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுப்பார்கள். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவார்கள். நாய்க்குச் சோறு வைத்தால் நமக்கு ஒரு வீடே கிடைக்கும். இரவுப் பேருந்தில் போனால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பைக்கும் டிக்கெட் கேட்பார்கள். இதையெல்லாம் அவள் எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். எடைச்சீட்டு என்பது அழுக்குத் துணி மூட்டையில் கட்டித் தொங்கவிடுகிற மஞ்சள் அட்டை. விடுதியின் பெயரும் மூட்டையின் எடையும் எழுதியிருக்கும். வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகிற அந்த அட்டைகளில் ஏழு ஊர், ஒரு வருடம் என்று அவளுடைய பயணம் முழுவதும் இருந்தது. மூன்று வருடமாகப் போகவர நடந்தே வேலைக்கு வந்தாள். ஒரு நடை ஐம்பது நிமிடம். வெயிலில் நடந்தாள், மழையில் நடந்தாள், காய்ச்சலோடும் நடந்தாள். அந்த பஸ் காசுதான் ஏழு ஊருக்கான பஸ் காசு.

ஒரு திங்கட்கிழமை, மலைமேல் ஏரிக்கரையில் இருக்கிற ஒரு விடுதியிலிருந்து பதில் வந்தது. வரலாம், ஒன்றாம் தேதி காலையில் வேலைக்கு நிற்கவேண்டும், வராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

அவர்கள் வீடு ஒரே அறை. அடுப்பு ஒரு மூலையில், கட்டில் ஒரு மூலையில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கை தொடுகிற தூரத்தில் இருக்கும். அம்மா தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பையன் யாரு?" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"பையனும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு ஊரு."

"ஊரா? ஊருல யாரு?"

"யாரும் இல்லம்மா. ஏரி இருக்கு."

அம்மா கத்தியை நிறுத்தினாள். மகள் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தது. ஏரி, அதற்கடுத்த துறைமுகம், நாய் வைத்திருக்கிற கிழ தம்பதி வரைக்கும் சொல்லி முடித்தாள்.

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம். ஏழு ஊரு."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

"அவங்களே போடுவாங்க. நாலு மணி நேரம் வேலை செஞ்சா போதும்."

"என்ன வேலை?"

மகள் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவினாள்.

"என்ன வேலைன்னு கேக்கறேன்ல?"

"பெட்ஷீட் மாத்தணும். தோய்க்கணும். மடிக்கணும்."

அம்மா சிரித்த சிரிப்பில் கத்தி கைநழுவித் தரையில் விழுந்தது. "அடிப்பாவி! பெட்ஷீட் மடிக்கறதுக்கா இங்கேருந்து பஸ் ஏறிப் போறே? இங்க எட்டு மணி நேரம் மடிக்கறது பத்தலையா உனக்கு?"

"அங்க நாலு மணி நேரம்தாம்மா. மீதி நேரம் என்னோடது."

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு கத்தியை வலது கையால் எடுத்து விட்ட இடத்திலிருந்து நறுக்கினாள்.

"எனக்கென்ன, வேற ஜோடி போட்டுக் குடுப்பாங்க. வந்த நாள்லேருந்து மடிக்கறேன், எவகூட வேணும்னாலும் மடிப்பேன். உன்னை நெனச்சாத்தான் கவலை. உனக்கு இழுக்கவே தெரியாது. உனக்காகத்தான் நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுக் கெடக்கேன். அங்க போய் எவ உன்னைத் தாங்குவா?"

மகள் கிழங்குத் தோலை ஒதுக்கி வைத்தாள்.

"போயிட்டு வா," என்றாள் அம்மா. "பல்வலி மாதிரி ஒரு வருஷம் பொறுத்துக்கறேன். ஆனா பஸ்ஸுல வாந்தி எடுக்காத மாதிரி ஏதாவது வாங்கி வெச்சுக்க."

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் மகளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மா 'மாட்டேன்' என்று சொல்வாள், அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்துவைத்திருந்தாள். 'எவகூட வேணும்னாலும் மடிப்பேன்' என்று சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஏனென்றால் அது நடக்காது. அது மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், இழுத்த இழுப்பில் அம்மாவின் இடது கையிலிருந்து விரிப்பு வழுக்கிக்கொண்டு வருவதை மகள் பார்த்தாள். பிடி போய்விட்டிருந்தது. கட்டை விரலும் அதற்கடுத்த இரண்டு விரலும் பிடிப்பது போல் மடங்கும், பிடிக்காது. கை மரத்துப்போகிறது, படுத்த வாகு சரியில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டாள். மகள் அன்றைக்கு அரை அடி முன்னால் நகர்ந்து நின்றாள். இழுப்பதை விட்டுவிட்டு, தன் மணிக்கட்டால் விரிப்பில் ஒரு அலை எழுப்பிவிட்டாள். அலை அம்மா பக்கம் போய்ச் சேரும்போது துணி தானாக விறைத்துச் சுருக்கம் போய்விடும். பிடித்திருப்பவர் கையில் இழுப்பே இருக்காது. முதலில் தினம் நாலு விரிப்பு விழப்போகும், எட்டிப் பிடித்துக்கொள்வாள். ஆறு மாதத்தில் கை வந்துவிட்டது. ஒரு வருடத்தில் தொண்ணூறும் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் அம்மாவுக்குச் சரியாகிவிடும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அம்மா கண்ணுக்கு மகள் பலமில்லாதவளாக, இழுக்கத் தெரியாதவளாகத் தெரிந்தாள். அதையும் மகள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அம்மா நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். சூப்பர்வைசர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிற ஒரு உயரமான பெண்மணி. ஈரப் பக்கம் பதினாலு வருடம் இருந்தும் மீண்டவள் என்பதால் அவளிடம் யாரும் காதில் பூச்சுற்ற முடியாது. எல்லோருக்கும் அவள் மேடம்.

"பாப்பா ஒரு வருஷம் வெளியூர் போறா மேடம். எனக்கு வேற ஜோடி போட்டுக் குடுங்க."

"யாரு வேணும் அக்கா?"

"யாரா இருந்தா என்ன?"

புதுசு என்று ஒரு பெண் இருந்தாள். சேர்ந்து மூன்று வாரம். ஜோடியான அவளுடைய அக்கா பிரசவத்துக்குப் போயிருந்ததால் தனியாக நின்றாள். அவளை அம்மாவுக்கு எதிரே நிறுத்தினார்கள். புதுசு, தனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி விலகி நின்று, விறைப்பாக ஒரு இழுப்பு இழுத்தாள். விரிப்பு அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு அவளிடமே போய்விட்டது.

"மெதுவா இழுடி பொண்ணே. கயிறு இழுக்கற போட்டியா நடக்குது?"

இரண்டாவது விரிப்பும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. டீ நேரத்துக்குள் பலகையில் ஐந்து கோடு. அழாத குறையாகப் புதுசு ஒதுங்கிக்கொள்ள, ரேடியோ வந்து நின்றாள். அம்மா கையிலிருந்து அவளும் உருவினாள்.

"என்னக்கா, பிடிச்சிருக்கீங்களா சும்மா தொட்டுக்கிட்டு நிக்கறீங்களா?"

"நீ வாயை மூடிக்கிட்டு மடிச்சா எல்லாம் சரியா வரும்."

"இந்தா டூரிஸ்ட், நீ வா, உங்கூடப் பாக்கறேன்," என்று ரேடியோ மகளை இழுத்து நிறுத்தினாள். மகளும் யோசிக்காமல் பழக்கத்தில் அரை அடி முன்னால் நின்று அலையை எழுப்பினாள். இழுக்கத் தயாராக இருந்த ரேடியோ நிலை தடுமாறிப் பின்னால் போனாள். "என்னடி இது, குழந்தைக்குப் போர்த்திவிடற மாதிரி பிடிக்கறே? இழுடி!" என்றவள், சட்டென்று நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். வேலைக்கு வந்த பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ரேடியோ சத்தம் நின்றது.

அம்மாவுக்கு அது புரியவில்லை. "இப்ப நாங்க ரெண்டு பேரும் காட்டறோம், பாத்துக்கங்க," என்று மகளை எதிரே அழைத்தாள். மடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அடுக்கி வைத்ததில் ஒரு சுருக்கம் இல்லை. "பாத்தீங்களா மேடம்? என் கையில என்ன கோளாறு?"

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"டூரிஸ்ட், அரை அடி பின்னால போ."

மகள் போனாள்.

"இப்ப இழு."

"மேடம்..."

"இழுன்னா இழு."

மகள் இழுத்தாள். "இது ஒரு இழுப்பா? புதுசு இழுத்த மாதிரி இழு," என்றாள் மேடம். மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் விரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இழுத்தாள். வெள்ளை விரிப்பு அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்து தரையில் குவிந்தது.

அம்மா குனிந்து அதை எடுத்தாள். உதறவில்லை. அவளே கொண்டுபோய்த் தண்ணீருக்குப் போகிற வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எத்தனை நாளா?" என்று மேடம் கேட்டது மகளைத்தான்.

"ரெண்டு வருஷம்."

உருளை ஓடிக்கொண்டே இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கற வரைக்கும் எனக்குத் தெரியாது, நான் பாக்கல. தொண்ணூறு வருது, கோடு விழல, எனக்கென்ன வந்தது? ஆனா இவ போனா உங்களை மடிக்கற எடத்துல வெச்சுக்க முடியாதுக்கா. ஈரப் பக்கம்தான்."

"ஒத்தையா மடிக்கறேன்," என்றாள் அம்மா.

"ஒத்தையா எப்படி மடிப்பீங்க?"

"அது என் பாடு. எத்தனை வரணும்னு சொல்லுங்க."

மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "ஜோடிக்குத் தொண்ணூறு. அப்படின்னா ஒத்தை ஆளுக்கு நாப்பத்தஞ்சு. மாசக் கடைசி வரைக்கும் பழகுங்க. கடைசி நாள் காலையில ஏழுலேருந்து எட்டு வரைக்கும் நானே நின்னு எண்ணறேன். நாப்பத்தஞ்சு வந்தா இருங்க. வரலைன்னா என்னைக் கேக்கக் கூடாது."

அன்றைக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்காமல் அம்மாவும் மகளோடு நடந்தாள். இரண்டு பேருக்கும் ஒரு குடை. பாலம் தாண்டிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"எல்லாருக்கும் முன்னாடி, இவளுக்கு இழுக்கத் தெரியாது, கையில தெம்பில்லன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"விடும்மா."

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"தெனமும்."

"நீ கேட்டுக்கிட்டு நின்னியே! ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? உன் முதுகுல ஏறி உக்காந்திருக்கேன்னு தெரியாமலே ரெண்டு வருஷம் உக்காந்திருந்திருக்கேன். எனக்கு எவ்வளவு அவமானமா இருக்கு தெரியுமா உனக்கு?"

"அவமானப்பட என்னம்மா இருக்கு? நான் போகல. ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். குடை மகளோடு போய்விட, மழை அவள் தலையில் கொட்டியது. "நீ போகலைன்னா நாளைக்கே நான் ஈரப் பக்கம் போயிடுவேன். சத்தியமாச் சொல்றேன். உனக்கு என்னைத் தெரியும்."

மகளுக்கு அவளைத் தெரியும். திரும்பி வந்து குடையைப் பிடித்தாள்.

புதுசுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாம் என்று மகளுக்கு ஒரு யோசனை. சாப்பாட்டு நேரத்தில் அவளை நிறுத்தி அரை அடி முன்னால் வர வைத்து, மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று காட்டினாள். அந்தப் பெண்ணும் பாவம் மனசு வைத்துத்தான் பழகினாள். அலை எழும்பும், பாதியில் செத்துவிடும். இரண்டு வருடத்தில் வந்ததை இருபது நாளில் எப்படி ஊட்டுவது? ஒரு வாரம் ஆனதும் அவளுடைய அக்கா கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். புதுசு தன் ஜோடியோடு போய்ச் சேர்ந்தாள்.

மேடம் மகளைத் துண்டு மடிக்கிற பிரிவுக்கு மாற்றியிருந்தாள். துண்டு மடிக்க ஜோடி தேவையில்லை, ஆனால் அங்கே நிரந்தரமாக ஆள் வைப்பதில்லை, துண்டு அதிகமாக வருகிற நாட்களில் மட்டும்தான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் துணி அடுக்குகளின் முதுகுகள் மட்டும்தான் தெரியும், அம்மா தெரியமாட்டாள். பலகை மட்டும் தெரியும். மணிக்கு ஒரு முறை அதில் எண்ணிக்கை எழுதுவார்கள். அம்மா சுவர்க் கம்பியில் துணிக்கிளிப் மாட்டி, அதில் இரண்டு மூலையைச் செருகிவிட்டு, மற்ற இரண்டு மூலையைத் தான் பிடித்துக்கொண்டு மடிக்கிறாளாம். ரேடியோதான் வந்து சொன்னாள். "கிளிப்பை ஜோடியாப் போட்டுக்கிட்டாங்கடி உங்கம்மா. கிளிப்பு வம்பு பேசாதுங்கறாங்க. என்னைச் சொல்றாங்களாம்."

முதல் நாள் இருபத்தொன்று. அடுத்த நாள் இருபத்தாறு, பிறகு இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. மகள் துண்டு மடித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். ராக்கெட் விடுகிறவர்கள்கூட எண்களை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். முப்பத்துமூன்று வந்த அன்றைக்குப் பேருந்துக்கு முன்பதிவு செய்தாள். அதற்குப் பிறகு முப்பத்துமூன்றிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் முப்பத்துமூன்று. நாலாம் நாள் முப்பத்திரண்டு. அதைப் பார்த்த நிமிடத்தில் மகளுக்கு அம்மா மேல் ஒரு வெறுப்பு வந்தது. நிஜமான, கசப்பான வெறுப்பு. கொஞ்சம் வேகமாகச் செய்தால் என்ன, என் மூன்று வருட நடை இவள் கையில் அல்லவா இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததற்காக அன்று முழுவதும் யார் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் உதட்டோரம் வெடித்திருந்தது.

"என்னம்மா இது?"

"டீ சுட்டுடுச்சு."

"டீயா? ரெண்டு பக்கமும் சுட்டுச்சா?"

"ஆமா, சூடா குடிச்சேன். நீ உன் பையைக் கட்டற வேலையைப் பாரு."

பையை அம்மாதான் கட்டினாள். ஏழு கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்று சொன்னதைக் கேட்டு, பக்கத்துக் கடையின் தராசில் வைத்து வைத்துப் பார்த்துக் கட்டினாள். ஒரு சட்டையை எடுத்துவிட்டு ஒரு போர்வையை வைத்தாள். "மலைன்னு சொன்னியே, குளிரும்." மகள் சிரித்தாள். போர்வைகளை மடிக்கப் போகிறவளுக்குப் போர்வை கட்டிக்கொடுக்கிற ஒரே அம்மா இவளாகத்தான் இருக்கும். கடைசியில் நாலு முட்டையை அவித்துத் துணியில் சுற்றி மேலே வைத்தாள்.

"நாப்பத்தஞ்சு வந்துடுமாம்மா?"

"நேத்து கடைசி மணியில முப்பத்தாறு வந்துச்சு. ஒரு நாளைக்கு மூணு மூணா ஏறினாக்கூட வந்துடும். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல, உனக்கென்ன?"

மாதக் கடைசி நாள். ஒன்பதரைக்குப் பேருந்து. சலவைக்கூடத்தின் வேன் முதல் சரக்கோடு எட்டு மணிக்குக் கிளம்பும், பேருந்து நிலையம் வழியாகத்தான் போகும். வேன்காரர் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு அம்மாவோடு சேர்ந்தே மகளும் வந்தாள். வாசலில் அம்மா அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"இங்கேயே நில்லு. உள்ள வராத. எனக்கு எண்ணிக்கை கெட்டுடும்."

"சரிம்மா."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு. ஏரி எப்படி இருக்குன்னு சொல்லு."

அம்மா உள்ளே போனாள். மகள் வேனில் பையை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். வானம் வெளுத்திருந்தது. மூன்று வருடமாகப் படித்த அட்டவணையில் இருந்த பேருந்து அந்நேரம் எங்கோ கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். நிஜமாகவே போகப்போகிறோம் என்பதை அவள் அன்றைக்குத்தான் முதல் முறை நம்பினாள்.

ஏழரை தாண்டியது. வேன்காரர் மூட்டைகளை ஏற்றி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "டூரிஸ்ட்டு, உள்ள போய் மேடம்கிட்ட டெலிவரி சீட்டை வாங்கிட்டு வாம்மா. நான் போனா அந்த ரேடியோகிட்ட மாட்டிப்பேன். பஸ்ஸை விட்டுடுவே."

"அம்மா உள்ள வராதேன்னாங்கண்ணே."

"அந்தப் பக்கமாப் போயிட்டு இந்தப் பக்கமா வந்துடு. யாரு பாக்கறாங்க?"

அவள் அடுக்குகளின் ஓரமாக, சத்தம் போடாமல் போனாள். மேடம் கையில் காகிதத்தோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நாளுக்கு மேல் ஆகிறது, அம்மா வேலை செய்வதை மகள் பார்த்து. அடுக்கின் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

உருளையிலிருந்து விரிப்பு வந்தது. அம்மா அதை அள்ளிக்கொண்டு கம்பியிடம் ஓடினாள். வலது கை மூலையைப் பிடித்திருந்தது. கிளிப்பைத் திறக்க இடது கையில் பிடி கிடையாது. அம்மா குனிந்து, கம்பியில் தொங்கிய கிளிப்பைப் பல்லால் கடித்துத் திறந்தாள். மூலையைச் செருகினாள். அடுத்த கிளிப்பையும் கடித்துத் திறந்தாள். பின்னால் ஓடினாள், மடித்தாள், திரும்பி ஓடிவந்து மறுபடியும் ஒவ்வொன்றாகக் கடித்துக் கழற்றினாள். ஒரு விரிப்புக்கு நாலு கடி. உதட்டின் இரண்டு பக்கமும் சிவந்து வீங்கியிருந்தது. அடுத்த விரிப்பு உருளையில் வந்துகொண்டிருந்தது. துணியில் ரத்தம் பட்டால் கோடு விழும் என்று அம்மா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

மேடம் திரும்பி மகளைப் பார்த்தாள். சீட்டை நீட்டவில்லை.

மகள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு விரிப்போ இரண்டு விரிப்போ இருக்கலாம். போய்விடு, திரும்பி நட, இன்னும் பத்தடிதான் வாசல் என்று கால்களிடம் சொல்லிப் பார்த்தாள். அம்மா அடுத்த கிளிப்பைக் கடிக்கக் குனிந்தபோது, மகள் அடுக்கைச் சுற்றி வந்து அதைக் கம்பியிலிருந்து கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தாள். அரை அடி முன்னால் வந்து நின்றாள்.

"உன்னை யாரு உள்ள வரச் சொன்னது?" என்றாள் அம்மா. "விடு. விடுடி அதை."

மகள் விடவில்லை. அலை எழும்பிப் போய் அம்மாவின் கையில் மெதுவாகச் சேர்ந்தது. பழகின கை, அதுபாட்டுக்கு மடித்தது. எதிரெதிரே நடந்து வந்தார்கள். மூலைகளை வாங்கிக்கொள்ளும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வேன் ஒரு முறை ஹாரன் அடித்தது. இன்னொரு முறையும் நீளமாக அடித்தது. மேடம் சீட்டை ரேடியோவிடம் கொடுத்தனுப்பினாள். ரேடியோ வாசலில் போய் என்ன சொன்னாளோ, வேன்காரர் பையை இறக்கி வாசலோரம் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். அந்த வாசலோரத்தில்தான் காலையில் வந்த அழுக்கு மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. எடை போடுகிறவர் குனிந்த தலை நிமிராத மனுஷர். மூட்டையோடு மூட்டையாக அந்தப் பையையும் தூக்கித் தராசில் வைத்து, மஞ்சள் அட்டையில் ஏழு கிலோ என்று எழுதிக் கட்டிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்த ரேடியோ, சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று வாயைத் திறந்தாள். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

மேடம் பலகையிலிருந்து அம்மாவின் எண்ணிக்கையைத் துணியால் துடைத்தாள்.

பத்து விரிப்பு மடித்திருப்பார்கள். அம்மா அப்போதுதான் பேசினாள், விரிப்பைப் பார்த்துக்கொண்டே.

"ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தது. எட்டு மணி வரைக்கும் விட்டிருந்தா இன்னைக்கு நாப்பது வந்திருக்கும். நீ வந்து கெடுத்துட்டே."

"வந்திருக்கும்மா," என்றாள் மகள்.